மர ஊசித்துளைக் கேமராவில் படமெடுப்பதும் ஃபிலிம் கழுவுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸுக்குப் பதில் ஊசிமுனை அளவுத் துளை மட்டும் உள்ள தேக்குப் பெட்டிக் கேமரா ஒன்றை ட்ரைபாட் மேல் வைத்துக்கொண்டு தெருவில் நின்றால், ஐந்து நிமிடத்துக்குள் யாராவது அருகில் வந்து அது என்னவென்று கேட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்டவர்களும், பிறகு என்னிடம் கற்றுக்கொள்ள வந்து வீட்டிலிருந்து தொலைபேசியில் ஐயம் கேட்டவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளையே கேட்டதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்குகள் எல்லாம் என் கேமராவின் அளவுகளைக் கொண்டவை: 120 எனப்படும் அகலமான சுருள் ஃபிலிம், 6×6 செ.மீ. சட்டகம், துளைக்கும் ஃபிலிமுக்கும் இடையே 50 மி.மீ. தூரம், 0.31 மி.மீ. விட்டமுள்ள துளை. படம் கெட்டால் எல்லோரும் முதலில் துளையைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் பார்த்த கெட்ட நெகட்டிவ்களில் பெரும்பாலானவை, திறந்து வைத்த நேரத்தாலோ கழுவிய நீரின் சூட்டாலோ கெட்டவை. அதனால் அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

லென்ஸே இல்லாமல் படம் எப்படி விழுகிறது?

ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது. எதிரே நிற்கும் மரத்தின் உச்சியிலிருந்து புறப்படும் ஒளி, துளை வழியாகக் கீழ்நோக்கிச் சென்று பெட்டியின் பின்சுவரின் அடியில் விழுகிறது. வேரடியிலிருந்து வரும் ஒளி மேலே விழுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி ஓர் இடம் கிடைப்பதால், தலைகீழான, இடவலம் மாறிய முழுப்படம் பின்சுவரில் அமைகிறது. லென்ஸ் அதிக ஒளியைத் திரட்டி ஓரிடத்தில் குவிக்கிறது. துளை அதைச் செய்வதில்லை. தேவையற்ற ஒளியைத் தடுத்துவிட்டு, மிகச் சிறிதளவை மட்டும் உள்ளே விடுகிறது. அதனால்தான் நேரம் அதிகம் பிடிக்கிறது.

இதை நாம் எல்லோரும் கேமரா இல்லாமலே பார்த்திருக்கிறோம். கூரை வீட்டில் ஓலையின் சிறு ஓட்டை வழியாகத் தரையில் விழும் வட்டம் சூரியனின் படம். ஓட்டை எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழுவது வட்டமாகவே இருப்பதற்குக் காரணம் அதுதான். 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் கோவை, திண்டுக்கல் வழியாகச் சென்றபோது, மர நிழல்களில் அந்த வட்டங்கள் எல்லாம் வளையங்களாக மாறின. ஹம்பி விரூபாட்சர் கோயிலில், கோபுரத்தின் உருவம் ஒரு துளை வழியாக உட்சுவரில் தலைகீழாக விழுவதை இன்றும் பகலில் காணலாம்.

துளை சின்னதாக ஆக ஆக படம் தெளிவாகிக்கொண்டே போகுமா?

ஓர் எல்லை வரை போகும். பெரிய துளை வழியாக ஒரு புள்ளியின் ஒளி ஒரு வட்டமாகப் பரவி விழுவதால் படம் மங்குகிறது. துளையைச் சிறிதாக்கினால் அந்த வட்டமும் சிறிதாகிறது. ஆனால் துளை மிகச் சிறிதாகும்போது, ஒளி அதன் விளிம்பில் வளைந்து சிதறத் தொடங்கி, படம் மறுபடியும் மங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உகந்த அளவு ஒன்று உண்டு.

ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1891-இல் இதற்கான கணக்கை வெளியிட்டார். துளைக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தை ஒளியின் அலைநீளத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 1.9-ஆல் பெருக்க வேண்டும். பச்சை ஒளிக்கு 0.00055 மி.மீ. என்று கொண்டால், 50 மி.மீ. தூரத்துக்கு 0.31 மி.மீ. அளவில் விடை வருகிறது. 25 மி.மீ. தூரத்துக்கு 0.22 மி.மீ., 100 மி.மீ.க்கு 0.45 மி.மீ. கேமரா செய்பவர்கள் இதே எண்ணைப் பிடித்துக்கொள்வதில்லை. ஹாங்காங்கின் ஸீரோ இமேஜ் நிறுவனம் தேக்கில் செய்த 6×6 கேமராவில் 25 மி.மீ. தூரத்துக்கு 0.18 மி.மீ. துளையே இருக்கிறது. கணக்குக்குச் சற்று முன்பின் இருப்பதால் படம் கெடாது. துளை வட்டமாகவும் பிசிறில்லாமலும் இருப்பது அதைவிட முக்கியம்.

துளையை நானே போட முடியுமா?

தாராளமாக முடியும், ஒரு மாலைப்பொழுது போதும். மெல்லிய பித்தளைத் தகடு சிறந்தது. கிடைக்காவிட்டால் குளிர்பான டின்னிலிருந்து ஒன்றரை அங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ளலாம். தடித்த அட்டையின் மேல் தகட்டை வைத்து, மெல்லிய தையல் ஊசியின் முனையை அதன் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, துளைக்காமல் சிறு குழி மட்டும் விழும்படி அழுத்துங்கள். தகட்டைத் திருப்பினால் மறுபக்கத்தில் ஒரு மேடு தெரியும். அந்த மேட்டை 1000 எண் உப்புத்தாளால், தண்ணீர் தொட்டு, வட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மேடு மறைந்து, அந்த இடத்தில் உலோகம் காகிதத்தைவிட மெலிந்துவிடும்.

இப்போது ஊசி முனையை அதே குழியில் வைத்து, விரல்களுக்கிடையே மெதுவாகச் சுழற்றினால் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அதற்கு மேல் தள்ளக் கூடாது. ஊசி உடலுக்குப் போகப் போகத் தடித்துக்கொண்டே போவதால், ஒரு மி.மீ. அதிகமாக இறங்கினாலும் துளை பெரிதாகிவிடும். மீண்டும் இரு பக்கமும் தேய்த்து, ஊசியால் விளிம்பைச் சுத்தம் செய்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தகட்டைச் சாய்த்துப் பார்க்கும்போதும் துளை மறையாமல் ஒளி தெரிந்தால் அங்கே உலோகம் போதிய அளவு மெலிந்திருக்கிறது. தடித்த தகட்டில் துளை ஒரு குழாயைப்போல் ஆகிவிடும். படத்தின் மூலைகளுக்கு ஒளி போகாது.

0.31 மி.மீ. என்பதை வீட்டில் எப்படி அளப்பது?

ஸ்கேனரில் தகட்டை வைத்து, அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஒரு மி.மீ.க்கு ஏறக்குறைய 94 புள்ளிகள் வரும். கணினியில் பெரிதாக்கித் துளையின் குறுக்கே எண்ணினால், 29 புள்ளிகள் இருக்குமானால் அது 0.31 மி.மீ. குறுக்கிலும் நெடுக்கிலும் ஒரே எண்ணிக்கை வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டி ஏன் மரமாக இருக்க வேண்டும்? அட்டைப்பெட்டி போதாதா?

ஃபிலிமைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஒளி புகாத எந்தப் பெட்டியும் கேமராவாகும். ஆனால் 120 ஃபிலிமைச் சுருளிலிருந்து சுருளுக்குச் சுற்ற வேண்டும், அது தட்டையாக நிற்க வேண்டும், ட்ரைபாட் திருகு அடியில் உறுதியாக இறங்க வேண்டும். அட்டை நான்காவது ஃபிலிமுக்குள் தளர்ந்துவிடுகிறது. மரம் பல ஆண்டுகள் நிற்கும். கையில் பிடிக்கும்போது கிடைக்கும் நிதானமும் எனக்கு முக்கியமானது.

தேக்கு நம் ஊர் ஈரத்தைத் தாங்கும். அப்படியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் என் கேமராவின் பின்கதவு சற்று உப்பி இறுகும். தை மாதத்தில் தளரும். அதனால் இணைப்புகளில் மரத்தை மரத்தோடு ஒட்ட விடாமல், பள்ளம் வெட்டி கறுப்பு வெல்வெட் துணி வைத்திருக்கிறேன். உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் இருக்க வேண்டும். வார்னிஷ் உள்ளே பட்டிருந்தால் ஒளி எதிரொளித்துப் படம் முழுவதும் புகை மூடியதுபோல் ஆகிவிடும்.

எந்த ஃபிலிம் வாங்குவது?

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் வேகத்தைக் காட்டும் எண்) 100 அல்லது 125 உள்ள கறுப்பு-வெள்ளை 120 ஃபிலிம். இல்ஃபோர்டு எஃப்.பி.4 பிளஸ் அப்படிப்பட்டது. வேகமான 400 ஃபிலிமைப் போட்டால் வெயிலில் கால் வினாடிதான் திறக்க வேண்டியிருக்கும். துளையை மறைக்கும் மூடியைக் கையால் இழுத்து அதை ஒரே சீராகச் செய்ய முடியாது. வீட்டுக்குள்ளும் மாலையிலும் எடுப்பதானால் 400 வேகமுள்ள எச்.பி.5 பிளஸ் நல்லது.

120 ஃபிலிமைக் கோடக் 1901-இல் தன் பிரவுனிப் பெட்டிக் கேமரா ஒன்றுக்காக வெளியிட்டது. அந்த அளவு இன்னும் மாறாமல் வருகிறது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் செய்த காலம் உண்டு. அந்தப் பழைய சுருள்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஆசையோடு கொண்டுவருகிறார்கள், வெப்பத்தில் கிடந்து அவற்றின் மேல் மூட்டம் ஏறியிருக்கும் என்பதால், திரும்ப எடுக்க முடியாத காட்சிகளை அவற்றில் எடுக்க வேண்டாம்.

வியூஃபைண்டர் இல்லையே, எது படத்தில் வரும் என்று எப்படித் தெரியும்?

என் கேமராவில் 6×6 என்று சொல்லப்படும் சட்டகத்தின் உண்மையான அகலம் 56 மி.மீ., தூரம் 50 மி.மீ. ஆகவே பத்தடி தள்ளி இருக்கும் சுவரில் பதினோரு அடி அகலம் படத்தில் வரும். இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, பெட்டியின் மேற்பலகையில், சட்டகத்தின் இரு ஓரங்களிலிருந்து துளை இருக்கும் இடம் வரை பென்சிலால் இரண்டு கோடுகள் இழுங்கள். பின்னாலிருந்து அந்தக் கோட்டின் வழியே கண்ணை ஓட்டினால் படத்தின் ஓரம் தெரியும். பக்கவாட்டுப் பலகையிலும் இதேபோல் இழுத்தால் மேலும் கீழும் தெரியும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு தொலைவில் நிற்பது. நேரில் பெரிதாகத் தெரிந்த கோபுரம் படத்தில் விரற்கடை உயரத்தில் நிற்கும். நெருங்கிப் போங்கள்.

ஃபோகஸ் செய்ய வேண்டாமா?

வேண்டாம். அரையடி தள்ளி இருக்கும் பூவும் அடிவானமும் ஒரே அளவு தெளிவோடு வரும். அந்தத் தெளிவு லென்ஸ் தரும் கூர்மை அன்று, மெல்லிய துணி வழியே பார்ப்பதுபோல் இருக்கும்.

எத்தனை வினாடி திறந்து வைப்பது?

துளைக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். இந்த எண் பெரிதாக ஆக உள்ளே வரும் ஒளி குறையும். 50-ஐ 0.31-ஆல் வகுத்தால் 160. பழைய புகைப்படக்காரர்களின் விதி ஒன்று உண்டு: நல்ல வெயிலில், எஃப் 16-இல், ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு நூற்றில் ஒரு வினாடி. எஃப் 160-இல் உள்ளே வரும் ஒளி அதில் நூற்றில் ஒரு பங்கு. எனவே நேரம் நூறு மடங்காகி, சரியாக ஒரு வினாடி ஆகிறது. என் பெட்டியை இந்த அளவில் செய்ததற்கு இந்தக் கணக்கின் எளிமையும் ஒரு காரணம்.

நிழலைப் பார்த்தே மற்றதைச் சொல்லிவிடலாம். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் 1 வினாடி. நிழல் உண்டு, ஓரம் மங்கல் என்றால் 2 வினாடி. வானம் மூடி நிழலே விழாவிட்டால் 8 வினாடி. வெயில் நாளில் கட்டட நிழலுக்குள் இருக்கும் பொருளுக்கு 16 வினாடி. வீட்டுக்குள் எடுக்கும்போது கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலி ஒன்றை வைத்து எஃப் 16-க்கு அளந்து, கிடைத்த நேரத்தை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான செயலிகள் எஃப் 160 வரை காட்டுவதில்லை என்பதால் இந்த வழி. ஆனால் இப்படிக் கிடைப்பது கணக்கு நேரம்தான். ஒரு வினாடிக்கு மேல் போனால் அடுத்த பதிலில் உள்ள திருத்தம் தேவை.

கணக்குப்படி 30 வினாடி சரியாகத் திறந்தேன். ஆனாலும் நெகட்டிவில் ஒன்றுமே இல்லையே, ஏன்?

என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. மங்கிய ஒளி நெடுநேரம் விழும்போது ஃபிலிமின் உணர்வு குறைந்துகொண்டே போகிறது. வெள்ளி உப்பின் படிகம் ஒன்றில் படம் பதிய, சில ஒளித்துகள்கள் அடுத்தடுத்து வந்து சேர வேண்டும். ஒன்று வந்து அடுத்தது வரத் தாமதமானால், முதலாவது செய்த மாற்றம் அழிந்துபோய் எல்லாம் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. ஜெர்மானிய வானியலாளர் கார்ல் சுவார்ஸ்சைல்டு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நட்சத்திரங்களைத் தட்டில் பதிக்கும்போது இதை அளந்து ஒரு சூத்திரம் தந்தார். லென்ஸ் கேமராவில் வினாடியின் சிறு பகுதியில் படமெடுப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நமக்கோ அன்றாடப் பிரச்சினை.

இல்ஃபோர்டு ஒவ்வொரு ஃபிலிமுக்கும் ஓர் அடுக்கெண் தருகிறது. எஃப்.பி.4 பிளஸ் ஃபிலிமுக்கு 1.26, எச்.பி.5 பிளஸ் ஃபிலிமுக்கு 1.31. கணக்கில் வந்த வினாடியை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் திறந்து வைக்க வேண்டிய உண்மையான நேரம் கிடைக்கும். கைப்பேசிக் கணிப்பானைப் பக்கவாட்டில் திருப்பினால் அதற்கான விசை இருக்கும். எஃப்.பி.4 பிளஸ் ஃபிலிமில் 2 வினாடி இரண்டரை ஆகிறது, 8 வினாடி 14, 16 வினாடி 33, 30 வினாடி 73, ஒரு நிமிடம் ஏறக்குறைய 3 நிமிடம். நீங்கள் 30 வினாடி திறந்தபோது தேவைப்பட்டதில் பாதிக்கும் குறைவாகவே கொடுத்திருக்கிறீர்கள்.

முற்றத்து ஒளி மட்டும் வரும் ஒரு பழைய வீட்டுத் தாழ்வாரத்தில் எனக்குக் கணக்கு 4 நிமிடம் என்று வந்தது. திருத்திய நேரம் கிட்டத்தட்ட 17 நிமிடம். அவ்வளவு நேரமா என்று வீட்டுக்காரர் நம்பாமல் பார்த்தார். தூண்களின் அடியில் படிந்த நிழல் வரை அந்த நெகட்டிவில் இருக்கிறது. ஃபூஜி அக்ராஸ் ஃபிலிம் இதற்கு விலக்கு: 120 வினாடி வரை திருத்தமே தேவையில்லை என்று நிறுவனமே சொல்கிறது. இந்த எண்களை ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

மூடியைத் திறக்கும்போது பெட்டி ஆடினால் படம் கலங்காதா?

ஒரு வினாடிப் படத்தில் கலங்கும், முப்பது வினாடிப் படத்தில் தெரியாது. வெயிலில் எடுக்கும்போது கறுப்பு அட்டை ஒன்றைத் துளைக்கு முன்னால், பெட்டியைத் தொடாமல் பிடித்துக்கொண்டு மூடியைத் திறவுங்கள். ஆட்டம் அடங்கியதும் அட்டையை விலக்கி, எண்ணி, மறுபடி மறைத்து, அதன்பின் மூடியை மூடுங்கள்.

ஆட்களைப் படமெடுக்கலாமா, அல்லது கட்டடம் மட்டும்தானா?

ஆட்களை எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. நடந்து போகிறவர்கள் பதிய மாட்டார்கள். எட்டு வினாடி திறந்திருக்கும் தெருவில் கடைவாசலில் நிற்பவர் மட்டும் தங்கி, மற்ற எல்லோரும் மறைந்துபோவார்கள். கடல் அலை பாலாடை போலாகும். உட்கார்ந்திருப்பவருக்கு முதுகும் தலையும் சாய்ந்திருக்க ஓர் இடம் இருந்தால் போதும்.

என் பாட்டியைத் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்காரச் சொல்லி, 33 வினாடி எடுத்தேன். கண் இமைக்கலாம், மூச்சு விடலாம், அவையெல்லாம் பதியாது என்று சொல்லியிருந்தேன். படத்தில் முகமும் தூணும் கல்லைப்போல் நிற்கின்றன. மடியில் இருந்த கைகள் மட்டும், வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்ததால், புகையாகக் கரைந்திருக்கின்றன. அவரை அறிந்தவர்கள் முதலில் அந்தக் கைகளைத்தான் காட்டுகிறார்கள்.

பின்னால் இருக்கும் சிவப்பு ஜன்னல் எதற்கு? அது வழியாக ஒளி போகாதா?

120 ஃபிலிமின் முதுகில் ஒரு காகிதம் உண்டு. அதில் சட்டக எண்கள் மூன்று வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். 6×6 சட்டகத்துக்கு நடு வரிசை. அதில் 12 படங்கள். ஜன்னலில் எண் வரும் வரை சுற்றுவதுதான் முறை.

சிவப்பு ஒளியை உணராத ஃபிலிம்கள் இருந்த காலத்தில் அந்த நிறம் காப்பாக இருந்தது. இன்றைய கறுப்பு-வெள்ளை ஃபிலிம்கள் சிவப்பையும் உணர்கின்றன. ஆகவே நிழலில் திரும்பி நின்று சுற்றுங்கள், எண் வந்ததும் ஜன்னலை மூடுங்கள். படம் எடுத்தவுடனே அடுத்த எண்ணுக்குச் சுற்றிவிடும் வழக்கம் இருந்தால், ஒன்றின் மேல் ஒன்று விழுவதும் நேராது.

படத்தின் மூலைகள் கறுத்து வருகின்றன. துளையில் கோளாறா?

ஓரளவு கறுப்பது இயல்பு. துளையிலிருந்து மூலை தொலைவில் இருக்கிறது, ஒளியும் அங்கே சாய்ந்து விழுகிறது. என் பெட்டியில் நடுவோடு ஒப்பிட்டால் மூலைக்கு ஐந்தில் இரண்டு பங்கு ஒளிதான் கிடைக்கிறது. தூரம் 25 மி.மீ. உள்ள பெட்டியில் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கறுப்பு எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது இந்த விதிப்படிதான். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வெட்டியதுபோல் கறுத்தால், மூடி முழுதாகத் திறக்கவில்லை அல்லது தகடு தடிப்பாக இருக்கிறது.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கீற்று வருகிறதே?

அது ஒளிக்கசிவு. இருட்டறைக்குள், ஃபிலிம் இல்லாத பெட்டிக்குள் கைப்பேசி விளக்கை எரியவிட்டு மூடி, ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டால் மெல்லிய கீற்று கண்ணில் படாது. பெரும்பாலும் பின்கதவின் மூலையிலோ சுற்றும் குமிழின் தண்டிலோ இருக்கும்.

வீட்டில் ஃபிலிம் கழுவ இருட்டறை கட்ட வேண்டுமா?

தேவையில்லை. முழு இருட்டு வேண்டியது ஃபிலிமைச் சுற்றும் ரீலில் ஏற்றி, ஒளி புகாத டேங்க்கில் போட்டு மூடும் வரைதான். அதற்குச் சேஞ்சிங் பேக் எனப்படும் கைவிடும் கறுப்புப் பை போதும். நம் ஊரில் அந்தப் பைக்குள் கை வியர்த்துவிடும், ஈரமான ரீலில் ஃபிலிம் ஏறாமல் சிக்கிக்கொள்ளும். அதனால் நான் இரவில், ஜன்னலைப் போர்வையால் மூடிய அறையில் ஏற்றுகிறேன். முதலில் வீணான ஒரு சுருளைக் கொண்டு வெளிச்சத்தில் பத்து முறை, பிறகு கண்ணை மூடிப் பத்து முறை பழகுங்கள்.

கழுவும் வரிசை என்ன?

எஃப்.பி.4 பிளஸ் ஃபிலிமையும், பதிந்த படத்தைத் தெரியவைக்கும் கரைசலான டெவலப்பரில் ஐடி-11 வகையையும் வைத்துச் சொல்கிறேன். 120 ஃபிலிமுக்கு டேங்க்கில் 500 மி.லி. வேண்டும்: 250 டெவலப்பர், 250 தண்ணீர். 20 டிகிரியில் 11 நிமிடம். முதல் பத்து வினாடியில் நான்கு முறை டேங்க்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, குமிழிகள் போக ஒரு தட்டுத் தட்டுங்கள். அதன்பின் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு முறை. நீர் கலந்த டெவலப்பரை ஒரு தடவைக்குப் பிறகு கொட்டிவிட வேண்டும்.

அடுத்து, டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் அரை நிமிடம். பிறகு ஒன்றுக்கு நான்கு பங்கு நீர் சேர்த்த, படத்தை நிலைநிறுத்தும் ரேபிட் ஃபிக்சர் 4 நிமிடம். ஃபிலிமின் வெட்டுத்துண்டு ஒன்றை வெளிச்சத்தில் அந்த ஃபிக்சரில் போட்டு, அது கண்ணாடிபோல் தெளிய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்காவது ஃபிலிமை வைத்திருக்க வேண்டும். தெளியும் நேரம் புதிதில் இருந்ததைவிட இரட்டித்துவிட்டால் ஃபிக்சர் தீர்ந்துவிட்டது. அதில் வெள்ளி கரைந்திருக்கும், செடிக்கு ஊற்றக் கூடாது.

கடைசியில் அலசல். டேங்க்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். மீண்டும் நிரப்பி 10 முறை. மீண்டும் நிரப்பி 20 முறை. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள வீட்டுக்கு ஏற்ற இந்த முறை இல்ஃபோர்டு தருவது. குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில், நீர் துளியாகத் தங்காமல் வழியச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் ஒரு துளி விட்டு நனைத்து, மின்விசிறி சுழலாத குளியலறையில் தொங்கவிடுங்கள். போர் தண்ணீரில் முடித்தால் உப்புத் திட்டுகள் விழும்.

எங்கள் வீட்டுக் குழாயில் 31 டிகிரியில்தான் தண்ணீர் வருகிறது. 20 டிகிரிக்கு எங்கே போவது?

20 டிகிரிக்குப் போக வேண்டாம். 24 டிகிரிக்குப் போங்கள். வெப்பம் 3 டிகிரி ஏறினால் டெவலப்பர் நேரத்தை முக்கால் பங்காக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 20-இல் 11 நிமிடம் என்றால் 24-இல் ஏழரை நிமிடம். 30 டிகிரியிலேயே கழுவினால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வரும். ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் டெவலப்பர் ஊற்றவும் கொட்டவும் ஆகும் வினாடிகளே பெரிய பங்காகி, வானத்தில் திட்டுத்திட்டாக வந்துவிடும். ஊசித்துளைப் படத்தில் வானம் நிறைய இடத்தைப் பிடிக்கும் என்பதால் இது உடனே கண்ணில் படும்.

நான் செய்வது இது. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, அதில் டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்சர், அலசுவதற்கான நீர் இரண்டு லிட்டர் ஆகியவற்றைப் பாட்டில்களில் நிறுத்திவிடுகிறேன். பனிக்கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டித் தொட்டியில் போட்டு, எல்லாம் 24-க்கு இறங்கும் வரை காத்திருக்கிறேன். பனிக்கட்டியை டெவலப்பரிலேயே போட்டால் அது நீர்த்துவிடும். மண்பானை நீரிலிருந்து தொடங்கினால் பனிக்கட்டி குறைவாகச் செலவாகும்; காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் பானை அவ்வளவு குளிராது. கழுவும்போது டேங்க்கும் தொட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பலரும் டெவலப்பரை மட்டும் குளிர வைத்துவிட்டு, அலசலுக்கு நேராகக் குழாயைத் திறக்கிறார்கள். ஃபிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் சூட்டில் உப்பி இளகும். நகம் பட்டால்கூடக் கீறிவிடும். திடீர் வெப்ப மாற்றத்தில் அது சுருங்கி, படம் முழுதும் வெடித்த களிமண் தரைபோல் ஆவதும் உண்டு. எல்லாப் பாட்டிலும் ஒரே வெப்பத்தில் இருந்தால், அந்த வெப்பம் 24-ஆ 25-ஆ என்பது அதைவிடச் சிறிய விஷயம்.

நெகட்டிவ் மெலிதாக வந்திருக்கிறது. தவறு எடுத்ததிலா, கழுவியதிலா?

ஃபிலிமின் ஓரத்தில் நிறுவனத்தின் பெயரும் எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. உங்கள் கேமராவோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. எழுத்துகள் நல்ல கறுப்பாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால், கழுவியது சரி, திறந்து வைத்த நேரம் போதவில்லை. 30 வினாடிக் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். எழுத்துகளும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப்பரின் நேரமோ வெப்பமோ வலுவோ குறைந்திருக்கிறது. ஃபிலிம் பால் நிறத்தில் மங்கலாக இருந்தால் ஃபிக்சர் போதவில்லை. மறுபடி புதிய ஃபிக்சரில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். எழுத்தே இல்லாமல் முழு ஃபிலிமும் வெறுமையாக வந்தால், டெவலப்பருக்கு முன்னால் ஃபிக்சரை ஊற்றியிருக்கிறீர்கள். அதற்கு மருந்து இல்லை. பாட்டில்களில் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கடையில் கொடுத்துக் கழுவக் கூடாதா?

கொடுக்கலாம். வண்ண ஃபிலிமுக்கு அதுவே எளிது. அதன் டெவலப்பர் 38 டிகிரியை ஒட்டி, கால் டிகிரிகூட விலகாமல் நிற்க வேண்டும். ஒரு முறை நான் கொடுத்த கறுப்பு-வெள்ளை ஃபிலிமில், அடுத்த எண் வரை சுற்றாமல் பாதி மட்டும் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்று படும்படி தொடர்ச்சியாக எடுத்த நீளப்படம் இருந்தது. கடையில் வழக்கம்போல் எண்ணுக்கு எண் வெட்டித் தந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, “வெட்டாமல் சுருளாகத் தரவும்” என்று எழுதியே கொடுக்கிறேன்.

ஆறு மாதம் திறந்து வைத்துச் சூரியனின் பாதையைப் படமெடுக்கிறார்களே, அதை மரக் கேமராவில் செய்யலாமா?

மரப்பெட்டியை ஆறு மாதம் வெளியில் வைத்துக் கெடுக்க வேண்டாம். பானக் டின் ஒன்றில் துளையிட்டு, உள்ளே கறுப்பு-வெள்ளைப் புகைப்படம் அச்சிடும் ஒளியுணர் தாளை வளைத்து வைத்தால் போதும். அவ்வளவு ஒளியில் டெவலப்பர் இல்லாமலே தாளில் உருவம் தெரிந்துவிடும். கழுவக் கூடாது, ஃபிக்சரில் போட்டால் வெளிறிவிடும்.

ஐரோப்பியர் எழுதிய குறிப்புகளில் டின்னைத் தெற்கு நோக்கி வைக்கச் சொல்லியிருக்கும். அது அவர்களுடைய ஊருக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கிறது. தெற்கு நோக்கிய டின்னுக்கு அது அகப்படாது. கிழக்கு நோக்கி வையுங்கள். மார்கழி முதல் வாரத்தில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே உதிக்கும், ஆனி முதல் வாரத்தில் அதே அளவு வடக்கே. அந்த இடைவெளி முழுவதும், ஏறக்குறைய நெட்டாக எழும் கோடுகள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும். மேகம் மூடிய நாள்களில் கோடு விடுபட்டிருக்கும். மார்கழியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதியும் முடிந்திருக்கும். டின்னை இறக்கியதும் மங்கிய ஒளியில் தாளை எடுத்து, மிக நுணுக்கமான அளவில் ஒரே முறை ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரின் ஒளியே அதைக் கறுக்கத் தொடங்கிவிடும்.